மடிக்கணினி தானாக அணைந்துபோகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவிலும் உறவிலும் யாருடைய மடிக்கணினி படுத்துவிட்டாலும் அது ஒருநாள் என் மேசைக்கு வந்து சேரும். அவற்றில் அதிகம் வருவது இந்த ஒரு புகார்தான்: வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடுகிறது. பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவை விண்டோஸ் கணினிகளுக்கானவை. மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

நேற்றிலிருந்து லேப்டாப் திடீர் திடீரென அணைகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எதையும் பார்க்காதீர்கள். முதலில் உங்கள் கோப்புகளை வெளியே எடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், முக்கியமான ஆவணங்களையும் படங்களையும் ஒரு வெளி வட்டிலோ பென்டிரைவிலோ நகலெடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பு சிதைந்துபோகலாம். பத்து முறை தப்பித்தது பதினொன்றாவது முறையும் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. நகலெடுப்பதற்குள் அணைந்துவிடுகிறது என்றால், அரை மணி நேரம் ஆறவிட்டு, சார்ஜரைச் செருகி, வேறு எந்த நிரலையும் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

அடுத்து ஒரு தாளும் பேனாவும். ஒவ்வொரு முறை அணையும்போதும் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: நேரம் என்ன, சார்ஜர் செருகியிருந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம் காட்டியது, என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, அடிப்பாகம் கையைச் சுடும் அளவுக்கு இருந்ததா. நான்கைந்து முறை குறித்துவிட்டால் பெரும்பாலும் அந்தத் தாளே காரணத்தைச் சொல்லிவிடும். இதைச் செய்யாமல் கடைக்கு ஓடுபவர்கள்தான் தேவையற்ற பாகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

அணைவது அணைவதுதானே? அதில் என்ன வித்தியாசம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மருத்துவர் காய்ச்சல் எப்போது வருகிறது, குளிரோடு வருகிறதா என்று கேட்பது போலத்தான் இதுவும்.

விசிறி இரைச்சலோடு சுற்றி, கணினி மெதுவாகி, பிறகு திரை கறுத்துப்போனால் சூடுதான் முதல் சந்தேகம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், விளக்கை அணைத்தது போல ஒரே நொடியில் எல்லாம் போனால் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள்: பேட்டரி, சார்ஜர், சார்ஜர் செருகும் துளை. விண்டோஸ் பெரும்பிழையில் நிற்கும்போது காட்டும் நீலத் திரை ஒரு கணம் மின்னிவிட்டு மறுபடி தொடங்கினால் டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), ரேம் (தற்காலிக நினைவகம்), வட்டு ஆகியவற்றில் ஒன்று. 'ஷட்டிங் டவுன்' என்ற எழுத்து வந்து நிதானமாக அணைந்தால் ஏதோ ஒரு நிரலோ அமைப்போ அதற்குக் கட்டளையிட்டிருக்கிறது. அணைந்தது போலத் தோன்றி, பொத்தானை அழுத்தியதும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் அது அணையவே இல்லை, உறங்கியிருக்கிறது.

இந்த ஐந்தில் உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு கீழே படியுங்கள்.

பேட்டரி 40 சதவீதம் இருக்கிறது என்று காட்டும்போதே அணைகிறது. அது எப்படி?

திரையில் தெரியும் சதவீதம் ஒரு கணிப்பு. பெட்ரோல் டேங்கில் குச்சி விட்டு அளப்பது போல பேட்டரியை நேராக அளக்க முடியாது. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்த மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வைத்து ஒரு சிறு சில்லு கணக்குப் போட்டுச் சொல்கிறது. பேட்டரி முதுமை அடைய அடைய அந்தக் கணக்கு பிசகிவிடும்.

மடிக்கணினி பேட்டரிக்குள் பொதுவாக இரண்டு, மூன்று அல்லது நான்கு லித்தியம் அயன் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முழுதாக நிறைந்த செல்லில் ஏறக்குறைய 4.2 வோல்ட் இருக்கும். 3 வோல்ட் அருகே இறங்கினால் காலி என்று பொருள். பழைய செல்லில் உள்தடை கூடிவிடுகிறது. நீங்கள் சும்மா எழுதிக்கொண்டிருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். ஒரு வீடியோ அழைப்பையோ விளையாட்டையோ திறந்ததும் பிராசசர், அதாவது கணக்குகளைச் செய்யும் முதன்மைச் சில்லு, அதிக மின்னோட்டம் கேட்கும். அந்தக் கணத்தில் நலிந்த செல்லின் மின்னழுத்தம் சட்டென்று சரியும். அதைப் பார்த்த பாதுகாப்புச் சுற்று மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது எவ்வளவு வலுவாக இருந்தாலும் வண்டி நகராது அல்லவா, அதே கதைதான். 5 சதவீதத்துக்கு வந்ததும் ஒழுங்காக உறக்கத்துக்குப் போக வேண்டிய விண்டோஸுக்கு அதற்கான அவகாசமே கிடைப்பதில்லை.

உறுதிசெய்வது எளிது. சார்ஜர் இல்லாமல் மட்டும் அணைகிறது, செருகியிருந்தால் நாள் முழுதும் ஓடுகிறது என்றால் பேட்டரிதான் குற்றவாளி.

பேட்டரியின் நிலையைக் கணினியிலேயே பார்க்க முடியுமா?

முடியும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பவர்' என்று எழுதி அதையொட்டியே சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகள், பிறகு ஓர் இடைவெளி, ஒரு முன்சாய்கோடு, அதையொட்டி 'பேட்டரி ரிப்போர்ட்' என்ற இரு சொற்களும் இடைவெளி இல்லாமல். என்டர் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகி, எங்கே சேமிக்கப்பட்டது என்றும் சொல்லும். அதை பிரவுசரில் திறங்கள்.

அதில் 'டிசைன் கெபாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்பது இன்று தாங்கும் அளவு. 50,000 என்று இருந்தது 22,000 ஆகிவிட்டது என்றால் பாதிக்கும் மேல் போய்விட்டது. பாதியைத் தொட்ட பேட்டரியை நம்பி வெளியூர் போகாதீர்கள். கொள்ளளவு நன்றாகவே இருந்து, சதவீதம் மட்டும் தாறுமாறாகத் தாவினால், ஒருமுறை முழுதாக நிரப்பி, 5 சதவீதம் வரை இறக்கி, மறுபடி இடைவிடாமல் நிரப்பிப் பாருங்கள். கணக்குச் சில்லு தன் அளவைத் திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. இதை மாதந்தோறும் செய்ய வேண்டாம். அடிக்கடி அடிவரை இறக்குவது லித்தியம் பேட்டரிக்குக் கேடு.

பேட்டரி செத்துவிட்டது. சார்ஜரில் மட்டும் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் அது மேசைக் கணினி போல ஆகிவிடும். மின்சாரம் ஒரு நொடி தடுமாறினாலும், யாராவது வயரைக் காலால் இடறினாலும் அணையும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கணினிகள் சில இப்படித்தான் என்னிடம் வந்தன. 'அடிக்கடி அணைகிறது, மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) கோளாறு' என்று கொண்டுவந்தார்கள். கணினியில் ஒரு குறையும் இல்லை. செத்த பேட்டரி, ஆடிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி, அவ்வளவுதான்.

பேட்டரி உப்பியிருக்கிறது போலத் தெரிகிறது. ஆபத்தா?

ஆம். உடனே நிறுத்துங்கள்.

டச்பேடு மேலெழும்பி அழுத்த முடியாமல் போவது, கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடுவது, மூடியின் ஓரம் பிளப்பது ஆகியவை அறிகுறிகள். சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், காற்றை வெளியேற்றலாம் என்று ஊசியால் குத்தாதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். வீட்டுக் குப்பையில் போடவும் கூடாது, ஏனென்றால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடித்தால் ஆபத்து தூய்மைப் பணியாளருக்குத்தான். மத்திய அரசின் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் கொடுத்திருக்கின்றன. அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள், அல்லது மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.

சூட்டினால்தான் அணைகிறது என்பதை எப்படி உறுதிசெய்வது?

'கோர் டெம்ப்', 'எச்டபிள்யூஇன்ஃபோ' போன்ற இலவச நிரல் ஒன்றை நிறுவி, அது காட்டும் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, கடும் வேலையில் 80 முதல் 95 டிகிரி என்பது மடிக்கணினிக்கு வழக்கமானதுதான். 80-ஐப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இன்றைய பிராசசர்கள் பல, 95 முதல் 105 டிகிரிக்குள் வந்ததும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் அணைவதற்கு முன் கணினி ஆமையாகிறது. அப்படிக் குறைத்தும் சூடு ஏறினால் கடைசித் தற்காப்பாக மின்சாரத்தையே வெட்டிவிடும். அணைவது அந்தச் சில்லு தன் உயிரைக் காத்துக்கொள்ளும் செயல். அதனால் அணைந்தவுடன் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள், ஆறவிடுங்கள்.

ஒன்றும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே 80-ஐத் தாண்டுகிறது என்றால் உள்ளே காற்று போகவில்லை, அல்லது விசிறி சுற்றவில்லை. காற்றுத் துளையருகே கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று வேகமாக வர வேண்டும். விசிறி கத்துகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் வழியில் தூசி அடைத்திருக்கிறது.

வெயில் காலத்தில் மட்டும் அணைகிறதே?

விசிறி அறைக் காற்றைக் கொண்டுதான் குளிர்விக்கிறது. அறையைவிடப் பிராசசர் 60 டிகிரி கூடுதலாகச் சூடாகும் நிலையில் உங்கள் கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி அறையில் அது 85. கத்திரி வெயிலில் 40 டிகிரி அறையில் அது 100. மார்கழியில் மறைந்திருந்த தூசி சித்திரையில் வெளிப்படுகிறது. வெயிலைக் குறைசொல்லிவிட்டு ஐப்பசி வரை காத்திருக்காமல் இப்போதே சுத்தம் செய்யுங்கள்.

மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்து வேலை செய்யும் பழக்கத்தையும் விட வேண்டும். அடியில் இருக்கும் துளைகள் அடைபட்டுவிடுகின்றன. பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். தனியாகக் கூலிங் பேட் வாங்குவது பிறகு. உள்ளே அடைப்பிருக்கும்போது வெளியே விசிறி வைத்துப் பெரிய பயன் இல்லை.

நானே திறந்து சுத்தம் செய்யலாமா?

உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால், கையில் பொறுமை இருந்தால், செய்யலாம். உங்கள் மாதிரிக்கான திறக்கும் முறையை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அணைத்து, சார்ஜரை எடுத்து, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. திருகுகளை ஒரு தாளில், எந்த மூலையிலிருந்து வந்ததோ அதே மூலையில் வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முறுக்கி மறுபக்கத்தைத் துளைத்துவிட்ட கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தூசி பெரும்பாலும் விசிறியின் இறக்கைகளில் இருக்காது. விசிறிக்கும், சூட்டைக் கடத்தும் செப்புக் குழாயின் நுனியில் உள்ள மெல்லிய தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளே இன்னும் அழுந்தும். விசிறியைக் கழற்றி, அந்தக் கம்பளியை இடுக்கியால் அப்படியே உரித்தெடுக்க வேண்டும். மிச்சத்தை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். காற்று அடித்தால் விசிறி சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேகமாகச் சுழன்று அதன் அச்சு கெடலாம். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் சில்லுகளைக் கொல்லும்.

நான்கைந்து ஆண்டு ஆகியிருந்தால், சில்லின் சூட்டை வெப்பத்தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போலாகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து முழுதாகத் துடைத்துவிட்டு, சில்லின்மீது ஒரு துவரம் பருப்பளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். வெப்பத்தகட்டின் திருகுகளின் அருகே பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். அந்த வரிசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

நம் வீடுகளில் தூசியோடு வேறு சிலவும் உள்ளே போகின்றன. எறும்புக் கூடு, பல்லி முட்டை, கரப்பான் குஞ்சுகள் எல்லாம் நான் எடுத்ததுண்டு. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மேல்மூடியில் வையுங்கள், விசைப்பலகையிலும் காற்றுத் துளையிலும் வேண்டாம். குங்குமத்தூள் மிக நுண்ணியது, எங்கும் நுழையும்.

திறக்கப் பயமாக இருக்கிறது. அதுவரை சமாளிக்க வழியுண்டா?

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய், பிராசசரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாகக் குறையுங்கள். பல கணினிகளில் இது டர்போ வேகத்தை, அதாவது பிராசசர் தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளும் கூடுதல் வேகத்தை, நிறுத்திவிடும். சில கணினிகளில் இந்த அமைப்பு மறைக்கப்பட்டிருக்கும். வேகம் சற்றுக் குறையும், சூடு நன்றாகவே இறங்கும். தேர்வு நேரத்தில் இது பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் காட்டுகிறது. அதுதான் நோயா?

இல்லை. இதைப் பார்த்துப் பலர் அஞ்சுகிறார்கள். ஈவென்ட் வியூவர் என்பது விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேடு. அதில் 41 என்பது, கணினி மறுபடி தொடங்கும்போது 'போன முறை நான் ஒழுங்காக அணைக்கப்படவில்லை' என்று எழுதிவைக்கும் குறிப்பு மட்டுமே. அதை வைத்து மின்பாகம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

அந்தக் குறிப்பைத் திறந்து விவரங்களில் 'பக்செக் கோட்' என்ற எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்கு எதையும் பதிவுசெய்ய நேரமில்லை: மின்சாரம் அறுந்திருக்கலாம், சூட்டில் வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது உறைந்துபோன கணினியின் பொத்தானை யாரோ அழுத்திப் பிடித்திருக்கலாம். பூஜ்யம் இல்லாத எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது, அந்த எண்ணை வைத்துத் தேடலாம். அதே பட்டியலில் 1074 என்ற எண் இருந்தால் நல்ல செய்தி. எந்த நிரல், யார் கணக்கில், ஏன் அணைத்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற, நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறிக்கும் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது.

விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகுமா?

மென்பொருள்தான் காரணம் என்று தெரியாமல் செய்யாதீர்கள். அதற்கு ஒரு சோதனை உண்டு. கணினியைத் தொடங்கும்போதே பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) திரைக்குள் போய், அப்படியே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை, வைரஸ் இல்லை. அங்கேயும் அணைந்தால், எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் அணையத்தான் செய்யும். அங்கே அணையாவிட்டாலும் வன்பொருள் முழுதும் நலம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பயாஸில் வேலைப்பளு குறைவு. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஓட்டி, ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் நிலைமை தெளிவாகும்.

நீலத் திரை வருபவர்கள் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். திரை நிற்கும், படித்துக்கொள்ளலாம். ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது.

வேலை நடுவில் திரை கறுக்கிறது, பொத்தானைத் தட்டினால் அப்படியே திரும்பி வருகிறது.

மூடி மூடப்பட்டதாகக் கணினி நினைக்கிறது. மூடியில் ஒரு சிறு காந்தமும் கீழே அதை உணரும் சில்லும் இருக்கின்றன. காந்தப் பூட்டுள்ள கைக்கடிகார வார், காந்த வளையல், காந்த மூடியுள்ள கைப்பேசி உறை ஆகியவை கை வைக்கும் இடத்தருகே வந்தாலே உறங்கிவிடும். ஒரு மடிக்கணினியை இன்னொன்றின்மேல் வைத்து வேலை செய்தாலும் இதே நடக்கும்.

சார்ஜர் மாற்றியதிலிருந்து இந்தத் தொல்லை.

சார்ஜரின்மேல் எழுதியுள்ள வாட் அளவைப் பாருங்கள். 65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் சார்ஜர் போட்டால், கடும் வேலையில் பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்ட வேண்டும். பேட்டரியும் நலிந்திருந்தால் அணைந்துவிடும். வோல்ட் அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் அதிகமாக இருந்தால் குற்றமில்லை. செருகும் முனையை லேசாக அசைத்துப் பாருங்கள். சார்ஜ் விளக்கு மினுங்கினால் அந்தத் துளை தளர்ந்திருக்கிறது. பல மாதிரிகளில் அது தனிப் பாகம், அதை மட்டும் மாற்றலாம்.

தேநீர் கொட்டியது. துடைத்துவிட்டேன், ஓடுகிறது. ஒரு வாரம் கழித்து அணைய ஆரம்பித்தது.

சர்க்கரையும் பாலும் பலகையில் தங்கி, செப்புப் பாதைகளை அரித்துக்கொண்டிருக்கின்றன. அரிசியில் புதைத்து வைப்பதால் அந்தக் கறை போகாது. பேட்டரியைப் பிரித்து, பலகையை ஆல்கஹாலில் கழுவத் தெரிந்தவரிடம் இன்றே கொடுங்கள்.

மேக்புக்குக்கும் இதேதானா?

அடிப்படை ஒன்றுதான். சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதியில் 'சர்வீஸ் ரெக்கமெண்டெட்' என்று காட்டினால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. பழைய கணினி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை பெரும்பாலும் விற்கப்பட்ட 15 அங்குல மேக்புக் புரோ சிலவற்றின் பேட்டரிகள் தீப்பிடிக்கும் அபாயம் உள்ளவை என்று 2019 ஜூனில் ஆப்பிள் அறிவித்து, அவற்றை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. பழைய 15 அங்குலக் கணினி கைக்கு வந்தால் வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள்.

கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். நம்பலாமா?

சில நேரங்களில் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது கடைசியாக வர வேண்டிய முடிவு. என் தங்கை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தபோது அவளுடைய கணினி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்தது. ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு என்றார்கள், புதியதன் விலையில் ஏறக்குறைய பாதியைக் கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே என்னை அழைத்தாள். நான் கேட்டது ஒன்றுதான்: 'அணைவதற்கு முன் விசிறிச் சத்தம் கேட்கிறதா?' யோசித்துவிட்டு, 'இல்லை அண்ணா, கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லை' என்றாள். விசிறி நின்றுபோயிருந்தது. அதை மட்டும் மாற்றினோம். ஆய்வேட்டை அதிலேயே முடித்தாள்.

எனவே கடைக்காரரிடம் கேளுங்கள்: பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்த்தீர்களா? வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தீர்களா? விசிறி சுற்றுகிறதா? ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தீர்களா? நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், தாமே முன்வந்து காட்டுவார். நீங்கள் குறித்து வைத்த தாளையும் அவரிடம் கொடுங்கள், அவருடைய வேலை பாதியாகும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.